குறிப்பு எடுக்க எந்தச் செயலி? குளம் தேடும் தங்கச்சிக்கு ஒரு நீண்ட பதில்

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் ஒருக்கா சுருக்கி எழுதிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். மாங்குளத்தில் இருந்து கிளிநொச்சிக்குப் போய்வந்து படிக்கிறீர்கள். இறுதி வருட ஆய்வுக்கு எடுத்த விஷயம் வன்னிக் குளங்களும் அவற்றின் புனரமைப்பும். ஆறு மாதமாக இணையத்தில் தேடியது எல்லாம் போனில் 1400 ஸ்கிரீன்ஷொட்டாகவும், வட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பிய லிங்குகளாகவும், மிச்சம் ஒரு கொப்பியிலும் கிடக்கிறது. போன கிழமை மேற்பார்வையாளர் ஒரு எண்ணைக் காட்டி "இது எங்கே எடுத்தது?" என்று கேட்க, உங்களுக்குச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது நோஷனா, ஒப்சிடியனா, எவர்நோட்டா, கூகுள் கீப்பா, எது நல்லது என்று கேட்கிறீர்கள். கையில் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள பழைய லப்டொப்பும் ஒரு அன்ட்ரொயிட் போனும். காசு கட்ட ஏலாது.

அவசரமாகப் பதில் வேண்டுமென்றால் இதுதான்: மூலங்களை வைக்க ஸொட்டெரோ, யோசித்து எழுத ஒப்சிடியன் அல்லது ஜொப்ளின். இரண்டு போதும். ஆனால் காரணம் தெரியாமல் இறக்கிப் போட்டால் ஒரு மாதத்தில் திரும்ப வட்ஸ்அப்புக்கே வந்துவிடுவீர்கள், அதனால் மிச்சத்தையும் வாசியுங்கள்.

நான் கரடிப்போக்குச் சந்திப் பக்கம் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறவன். பத்து வருடத்துக்கு மேலாக ஆய்வறிக்கைகள் தட்டச்சு செய்து, பக்கம் பிரித்து, பைண்ட் பண்ணிக் கொடுக்கிறேன். சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கும்போது உசாத்துணைப் பட்டியல் இல்லாமல் கண்கலங்கி நிற்கிற பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அவர்கள் வாசிக்காதவர்கள் இல்லை. நல்லாக வாசித்திருப்பார்கள், எங்கே வாசித்தது என்பதுதான் கையில் இருக்காது.

செயலிகளைப் பற்றிக் கதைக்கிறவர்கள் எல்லோரும் அழகையும் வசதியையும் முதலில் சொல்லுவார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: நாளைக்கு இந்தக் கடை மூடப்பட்டால் என் சாமானை எப்படி வெளியே எடுப்பது? எங்கள் சனத்துக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் இடம்பெயர்ந்து போனபோது ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பை இருந்தது. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு எல்லாம் சொப்பிங் பைக்குள் சுற்றி, அதை இன்னொரு பைக்குள் வைத்து. வீட்டில் பூட்டுப்போட்ட அலுமாரி இருந்தது, அது அங்கேயே நின்றுவிட்டது, வந்துசேர்ந்தது பைதான். எங்கள் அம்மாவின் பை இன்னும் இருக்கிறது. அதில் ஒரு உறுதியின் ஓரம் நனைந்து மை ஊறிப்போய் நீலமாக இருக்கிறது, ஆனால் வாசிக்கலாம்.

இணையச் சேவைகளும் அலுமாரி மாதிரித்தான். பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் வாசிக்க இருந்த கூகுள் ரீடரை எத்தனையோ பேர் நாள்தோறும் பாவித்தார்கள், 2013 ஜூலை 1 இல் மூடினார்கள். பிறகு வாசிக்கலாம் என்று கட்டுரைகளைச் சேர்த்துவைக்க ஒம்னிவோர் என்று ஒன்று இருந்தது, 2024 நவம்பரில் போனது. அதே வேலையைச் செய்த பொக்கெட்டை, மொசில்லா மாதிரிப் பெரிய இடம் வைத்திருந்தும், 2025 ஜூலையில் நிறுத்தினார்கள். எவர்நோட் மூடவில்லை, ஆனால் கைமாறிய பிறகு 2023 கடைசியில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரு நோட்புக் என்று வரம்பு போட்டுவிட்டார்கள். 50 குறிப்பு உங்களுக்கு ஒரு கிழமைக்குக் காணாது, ஆகவே உங்கள் பட்டியலில் இருந்து எவர்நோட்டை இப்போதே வெட்டிவிடலாம்.

சரி, வெளியே எடுப்பது என்றால் என்ன? அநேகமான செயலிகளில் 'ஏற்றுமதி' என்று ஒரு பொத்தான் இருக்கும், அது இருக்கிறது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். எந்த வடிவத்தில் வெளியே வருகிறது என்று பாருங்கள். ஒப்சிடியன் குறிப்புகளைத் தொடக்கத்தில் இருந்தே உங்கள் கணினியில் ஒரு சாதாரண ஃபோல்டரில், மார்க்டவுன் என்ற எழுத்துக் கோப்புகளாகத்தான் வைக்கிறது. நாளைக்கு அந்த நிறுவனமே இல்லாமல் போனாலும் நோட்பாடில் திறந்து வாசிக்கலாம், பென் டிரைவில் போட்டுக்கொண்டு நடக்கலாம். ஜொப்ளின் உள்ளே ஒரு தரவுத்தளத்தில் வைக்கிறது, ஆனால் கேட்டால் அதே மார்க்டவுனாக முழுவதையும் தரும். நோஷனும் மார்க்டவுன் தரும், ஆனால் அதில் நீங்கள் கட்டிய அட்டவணைகளின் உறவுகள் வெளியே வரும்போது குலைந்து, வெறும் பட்டியலாக வந்து நிற்கும். ஒன்நோட்டில் எழுதுவது சுகம், வெளியே எடுப்பது வில்லங்கம்.

ஆகவே ஒன்றைத் தெரிவு செய்ய முதல் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். பத்துக் குறிப்பு போடுங்கள், அதில் இரண்டில் படம், மூன்றில் லிங்க் இருக்கட்டும். ஏற்றுமதி செய்யுங்கள். டேட்டாவை நிறுத்திவிட்டு, அந்தச் செயலி இல்லாத வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். தமிழ் ஒழுங்காக இருக்கிறதா, படம் கூட வந்ததா, லிங்க் இருக்கிறதா, எழுதிய திகதி இருக்கிறதா? அரை மணித்தியால வேலை. இதை நான் சொல்லி இதுவரை மூன்று பேர்தான் செய்திருக்கிறார்கள், மூன்று பேரும் முதலில் நினைத்த செயலியை விட்டுவிட்டார்கள்.

அடுத்தது தமிழ். இதை யூடியூப்பில் செயலிகளை ஒப்பிடுகிற வெளிநாட்டுக்காரர்கள் ஒருவரும் சொல்லமாட்டார்கள், எங்களுக்கு இதுதான் பெரிய தலையிடி.

உங்கள் குறிப்பில் தேடல் வேலை செய்யாவிட்டால் அது குறிப்பே இல்லை, சாக்கில் கட்டிய காகிதம். தமிழில் தேடுவது ஆங்கிலத்தில் தேடுவது மாதிரி இல்லை. 'குளம்' என்று தேடினால் 'குளத்தில்', 'குளங்கள்' என்று எழுதிய குறிப்புகள் வராது, ஏனென்றால் மகரம் அங்கே இல்லை. 'குள' என்று வெட்டித் தேடவேண்டும். அப்படித் தேடினால் எல்லாக் குளமும் வரும், கூடவே குளிரும் குளிசையும் வரும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சில செயலிகள் சொல்லின் தொடக்கத்தை மட்டும்தான் பார்க்கும். அவற்றில் 'இரணைமடுக் குளம்' என்று இடைவெளி விட்டு எழுதியது கிடைக்கும், 'இரணைமடுக்குளம்' என்று சேர்த்து எழுதியது கிடைக்காது. ஒப்சிடியனில் சொல்லின் நடுவில் இருப்பதும் அகப்படுகிறது. மற்றவற்றில் நீங்களே ஐந்து வரி எழுதித் தேடிப் பாருங்கள், மேலே சொன்ன பத்துக் குறிப்புச் சோதனையோடு சேர்த்தே செய்யலாம்.

பாமினி தெரியும்தானே, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. எங்கள் பக்கத்துப் பழைய அறிக்கைகள், பிரதேச செயலகங்களின் புள்ளிவிவரக் கையேடுகள், மலர்கள் என்று பல பிடிஎப்கள் பாமினி எழுத்துருவில் செய்யப்பட்டவை. திரையில் அழகான தமிழ் தெரியும், கொப்பி பண்ணி ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ ஒரு குப்பை விழும். அது குப்பை இல்லை, எழுத்துரு இல்லாத பாமினி. யுனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறை) மாற்றி ஒன்றில் போட்டால் தமிழாகிவிடும், இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றிவிட்டுத்தான் குறிப்பில் ஒட்டவேண்டும். ஒரு பிள்ளை ஒரு வருடம் முழுக்க மாற்றாமலே ஒட்டி, குறிப்பிலும் எழுத்துருவைப் பாமினியாக வைத்து வாசித்திருக்கிறார். கண்ணுக்கு எல்லாம் சரி, தேடினால் ஒன்றும் இல்லை. அந்தக் கோப்பை நான்தான் இரண்டு இரவு இருந்து மாற்றினேன், இடையில் வந்த உண்மையான ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து தமிழாக மாறி, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் போயிற்று.

மாற்றியில் மாற்றிய எழுத்திலும் ஸ்கானில் இருந்து எடுத்த எழுத்திலும் இன்னொரு கள்ளம் இருக்கிறது. 'கொக்கிளாய்' என்பதில் உள்ள 'கொ' கணினிக்குள் இரண்டு விதமாக இருக்கலாம், ஒரே உயிர்க்குறியாக அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. பார்வைக்கு ஒரே மாதிரி, தேடலுக்கு வேறு வேறு. தேடி வரவில்லை என்றால் அந்தச் சொல்லைக் குறிப்பில் அழித்துவிட்டு நீங்களே விசைப்பலகையில் அடித்துப் பாருங்கள், அநேகமாக வந்துவிடும்.

ஸ்கான் செய்த புத்தகங்கள் அடுத்தது. நூலகம் எண்ணிம நூலகம் 2005 இல் இருந்து ஈழத்து நூல்களையும் மலர்களையும் பத்திரிகைகளையும் ஏற்றிவருகிறது, உங்கள் விஷயத்துக்கு அது பொக்கிசம். ஆனால் பல பிடிஎப்கள் பக்கத்தின் படம் மட்டும்தான், எழுத்தைத் தெரிவுசெய்ய முடியாது. கூகுள் டிரைவில் ஏற்றி, கணினியில் கூகுள் டொக்ஸால் திறந்தால் தமிழ் எழுத்தை ஓரளவு நன்றாகவே பிரித்துத் தரும், போனில் என்றால் கூகுள் லென்ஸ். 'ர'வையும் காலையும் மாற்றிப் போடும், அதைக் கண்ணால் பிடிக்கலாம். எண்களில் ஏமாற வேண்டாம். எண் வருகிற இடத்தை எப்போதும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இனி ஸொட்டெரோ. இது குறிப்பு எடுக்கிற செயலி என்று விற்கப்படுவதில்லை, அதனால்தான் உங்கள் பட்டியலில் இல்லை. 2006 இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையம் ஒன்றில் தொடங்கியது, இலவசம், திறந்த மூலம். பிரவுசரில் அதன் நீட்சியைப் போட்டுவிட்டால், ஒரு பக்கத்தில் நிற்கும்போது ஒரு அழுத்து, தலைப்பு, ஆசிரியர், முகவரி, நீங்கள் பார்த்த திகதி எல்லாம் உள்ளே போய்விடும். அந்தப் பக்கத்தின் பிரதியும் உங்கள் கணினியில் இறங்கிவிடும். மேற்பார்வையாளர் கேட்ட கேள்விக்கு விடை இந்த ஒரு அழுத்தில்தான் இருக்கிறது. ஸ்கிரீன்ஷொட் எடுக்கிறதும் அதே ஒரு அழுத்துத்தான், ஆனால் அதில் முகவரியும் இல்லை திகதியும் இல்லை.

பிடிஎப்பை ஸொட்டெரோவுக்குள்ளேயே திறந்து மஞ்சள் பூசலாம். பூசிய வரிகளை எல்லாம் ஒரே குறிப்பாக இழுத்து எடுக்கலாம், ஒவ்வொரு வரிக்கும் பக்க எண் கூட வரும், அழுத்தினால் அந்தப் பக்கத்துக்கே போகும். படமாக மட்டும் இருக்கிற ஸ்கான் பக்கமா, பெட்டி வரைந்து அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுக்கலாம். 1895 இல் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டக் கைநூல் உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படும், அதில் உள்ள அட்டவணைகளுக்கு இந்தப் பெட்டி வசதி உயிர் காக்கும்.

இரண்டு விஷயத்தில் கவனம். ஒன்று, எங்கள் பெயர்கள். ஸொட்டெரோ குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான். இரண்டு கட்டத்தில் நிரப்பினால் கடைசியில் உசாத்துணையில் ஆசிரியரின் தகப்பன் பெயரில் நூல் வந்து நிற்கும், நான் பார்த்திருக்கிறேன். பெயர்க் கட்டத்துக்குப் பக்கத்தில் அதை ஒற்றைக் கட்டமாக்குகிற ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. தமிழ் ஆசிரியர்களுக்கு எப்போதும் அதை அழுத்துங்கள். இரண்டு, இலவச மேகச் சேமிப்பு 300 எம்பி மட்டும். பெயர், திகதி, குறிப்பு எல்லாம் எவ்வளவு என்றாலும் ஒத்திசையும், பிடிஎப் கோப்புகள்தான் அந்த 300 இல் அடங்கவேண்டும், ஸ்கான் புத்தகம் நாலு ஐந்து போட்டால் நிறைந்துவிடும். அமைப்பில் போய்க் கோப்பு ஒத்திசைவை நிறுத்திவிடுங்கள், பிடிஎப் லப்டொப்பிலேயே இருக்கட்டும். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஸொட்டெரோவின் தரவு ஃபோல்டரைத் தூக்கி டிரொப்பொக்சுக்குள் வைக்காதீர்கள், தரவுத்தளம் பழுதாகும்.

யோசிக்கிற இடம் வேறு. ஸொட்டெரோவில் மற்றவன் சொன்னது இருக்கட்டும், ஒப்சிடியனிலோ ஜொப்ளினிலோ நீங்கள் சொல்வது இருக்கட்டும். இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்து எழுதினால், ஆறு மாதம் கழித்து எது உங்கள் வசனம் எது கொப்பி அடித்தது என்று உங்களுக்கே தெரியாது. கருத்துத் திருட்டு என்று பிடிபடுகிற பிள்ளைகளில் பலர் வேண்டுமென்று திருடியவர்கள் இல்லை, குறிப்பில் மேற்கோள் குறி போட மறந்தவர்கள்.

ஒரு குறிப்பு எப்படி இருக்கவேண்டும் என்று காட்டுகிறேன், இரணைமடுவையே எடுப்போம். கொள்ளளவு பற்றித் தேடியிருப்பீர்கள், ஒரு பக்கத்தில் ஏக்கர் அடி, இன்னொன்றில் மில்லியன் கன மீற்றர், ஒன்று புனரமைப்புக்கு முன், ஒன்று பின். வெறும் எண்ணை மட்டும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்தால் மூன்றும் மூன்று குளம் மாதிரி இருக்கும். நான் என்றால் குறிப்பின் தலைப்பில் 'கொள்ளளவு' என்று மட்டும் போடமாட்டேன், 'இரணைமடுக் கொள்ளளவு எண்கள் ஏன் ஒத்துப்போகவில்லை' என்று கேள்வியாகவே போடுவேன். கீழே முதல் வரியில் எண்ணும் அலகும், எந்த ஆண்டுக்கு உரியது என்றும். அடுத்த வரியில் ஸொட்டெரோ லிங்கும் பக்க எண்ணும். பிறகு அலகை மாற்றிப் பார்த்த கணக்கு: ஒரு ஏக்கர் அடி என்றால் ஏறக்குறைய 1233 கன மீற்றர், ஆக ஒரு இலட்சம் ஏக்கர் அடி என்றால் 123 மில்லியன் கன மீற்றருக்குக் கிட்ட. கடைசியில் 'என் சந்தேகம்' என்று ஒரு வரி: இது முழுக் கொள்ளளவா, வயலுக்குத் திறந்துவிடக்கூடிய அளவா? அந்தச் சந்தேக வரிதான் பிறகு உங்கள் அத்தியாயமாக வளரும். நீளம் பத்து வரிக்கு மேல் போகவேண்டாம்.

சொற்களையும் ஒரு இடத்தில் கட்டிப்போடுங்கள். நாங்கள் துருசு என்போம், இந்தியத் தமிழ்க் கட்டுரையில் மதகு என்று இருக்கும், திணைக்கள அறிக்கையில் ஆங்கிலச் சொல் இருக்கும். முல்லைத்தீவைப் பழைய ஆங்கிலப் புத்தகங்களில் ஒரு எழுத்துக் கூட்டி எழுதியிருப்பார்கள், இப்போது குறைத்து எழுதுகிறார்கள். இரணைமடுவுக்கும் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல். ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு தாய்க் குறிப்பு திறந்து, முதல் வரியில் நீங்கள் பார்த்த எல்லாப் பெயர்களையும் எழுத்துக்கூட்டல்களையும் எழுதிவிடுங்கள். முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன், தண்ணிமுறிப்பு என்று பதினைந்து இருபது தாய்க் குறிப்பு வந்தால் போதும். மற்றக் குறிப்புகளில் இரட்டைச் சதுர அடைப்புக்குள் குளத்தின் பெயரை எழுதினால் ஒப்சிடியன் தானாகவே கோர்த்துவிடும். வாய்க்காலில் தண்ணி போகிற மாதிரி ஒன்றில் இருந்து ஒன்றுக்குப் போகலாம். அந்தக் கோர்வையைப் புள்ளியும் கோடுமாக ஒரு படமாகவும் காட்டும். பார்க்க வடிவுதான், அதை ரசிப்பதில் ஒரு பின்னேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஒப்சிடியனா ஜொப்ளினா? லப்டொப்பில் மட்டும் என்றால் ஒப்சிடியன். போனிலும் கட்டாயம் வேண்டும் என்றால் ஜொப்ளின், ஏனென்றால் அது உங்களிடம் உள்ள டிரொப்பொக்ஸ் அல்லது வன்டிரைவ் கணக்கு வழியாக இலவசமாகவே ஒத்திசைக்கும், பூட்டுப் போட்டும் அனுப்பும். ஒப்சிடியன் இலவசம்தான், ஆனால் அவர்களின் ஒத்திசைவுக்கு மாதம் 4, 5 டொலர். பெரிய காசா என்று கேட்கலாம். 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ஐத் தாண்டியபோது அதே சந்தா, அதே செயலி, எங்கள் பக்கத்தில் மட்டும் விலை கூடியது. டொலரில் மாதக்காசு கேட்கிற எதையும் ஆய்வின் நடுவில் நம்பி நிற்காதீர்கள்.

நோஷன் கெட்டது இல்லை. குழுவாக வேலை செய்கிறவர்களுக்கு நல்லது. உங்களுக்கு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், இலவசக் கணக்கில் ஒரு கோப்பு 5 எம்பிக்கு மேல் ஏறாது, உங்கள் ஸ்கான் பிடிஎப் ஒன்றும் உள்ளே போகாது. இணைப்பு இல்லாமல் வேலை செய்கிற வசதியே 2025 ஓகஸ்டில்தான் வந்தது. மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் பஸ்ஸில் இருந்து சிக்னல் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்தவருக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. இன்னொன்று, அதில் பக்கத்தை அலங்கரிக்கத் தொடங்கினால் நிறுத்த மனம் வராது. படமும் நிறமும் போட்டு மூன்று நாள் அட்டவணை கட்டிவிட்டு, அதற்குள் நாலு வரி மட்டும் எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

கூகுள் கீப்பை வைத்திருங்கள், ஆனால் வாசல் திண்ணையாக. வழியில் ஒரு யோசனை வந்தால், குளத்தடியில் ஒரு கமக்காரர் ஏதும் சொன்னால், அதில் போடுங்கள். ஒரு குறிப்பில் ஏறக்குறைய 20,000 எழுத்துக்கு மேல் போகாது. ஞாயிற்றுக்கிழமை திண்ணையைக் கூட்டி எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிடுங்கள். வட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்புவதும் அப்படித்தான், பழக்கத்தை விடவேண்டாம், கிழமைக்கு ஒருக்கா வெறுமையாக்குங்கள். (கமக்காரர் சொன்னதை எழுதும்போது, நாள், இடம், அவர் எந்தக் குளத்து வயல்காரர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இணையத்தில் இல்லாதது அது ஒன்றுதான், அதற்குத் திரும்பப் போய் எடுக்க லிங்க் கிடையாது.)

லிங்க் என்றதும் என் கதை ஒன்று. கொஞ்ச வருடத்துக்கு முன் நீர்ப்பாசனம் சம்பந்தமாக ஒருவருக்காகத் தகவல் சேர்த்தேன். ஒரு அரச அலுவலகத்தின் தளத்தில் இருந்து 11 பக்கங்களின் லிங்க் மட்டும் எழுதிவைத்தேன். பிறகு அவர்கள் தளத்தைப் புதுப்பித்தார்கள், 11 இல் 8 'பக்கம் இல்லை' என்றது. பேர் சொல்லத் தேவையில்லை, எல்லா இடத்திலும் நடப்பதுதான். பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேர்த்துவைக்கிற இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் போய்ப் பார்த்தேன், மூன்றுதான் அங்கே இருந்தது. மிச்சம் ஐந்தும் போனது போனதுதான். வேபேக்கில் நீங்களே முகவரியைக் கொடுத்து 'இந்தப் பக்கத்தை இப்போது சேமி' என்று சொல்லலாம், இலவசம், அரை நிமிசம். அரச தளம், செய்தித் தளம் எதில் இருந்து முக்கியமான எண் எடுத்தாலும் ஸொட்டெரோவில் ஒரு பிரதி, வேபேக்கில் ஒரு பிரதி. வேபேக் முகவரியையும் குறிப்பில் ஒட்டிவிடுங்கள், நடுவர்களும் திறந்து பார்க்கலாம்.

ஏஐ பற்றியும் கேட்டிருந்தீர்கள். நோட்புக்எல்எம் மாதிரி ஒன்றில் உங்கள் பிடிஎப்களைக் கொடுத்துக் கேள்வி கேட்கலாம், எந்த இடத்தில் இருந்து சொன்னது என்று எண் போட்டுக் காட்டும். இருபது அறிக்கையில் 'வான்கதவு' எங்கெங்கே வருகிறது என்று தேட நல்லது. எண்ணை அழுத்தி மூலத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் குறிப்பில் எழுதவேண்டும். அது குறிப்பு வைக்கிற இடம் இல்லை, அதன் பதிலை ஒட்டிவைத்தால் மேற்பார்வையாளரின் அதே கேள்வி திரும்ப வரும்.

பிரதி எடுப்பதைச் சொல்லாமல் விட்டால் அம்மாவின் பையைப் பற்றிக் கதைத்ததில் அர்த்தமில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒப்சிடியன் ஃபோல்டரையும் ஸொட்டெரோ ஃபோல்டரையும் (ஸொட்டெரோவை மூடிவிட்டு) பென் டிரைவுக்குக் கொப்பி பண்ணுங்கள். பென் டிரைவ் லப்டொப் பைக்குள்ளேயே இருந்தால் அது பிரதி இல்லை, இரண்டும் ஒன்றாகத்தான் தொலையும். மாமி வீட்டில் கொடுத்துவையுங்கள். மாதம் ஒருக்கா ஒரு சிப் கோப்பாக்கிக் கூகுள் டிரைவில் போடுங்கள், 15 ஜிபி இலவசம் உங்களுக்குத் தாராளம். ஆனால் இரண்டு வருடம் தொடாத கணக்கைக் கூகுள் அழிக்கலாம் என்பதால், ஆய்வுக்கு என்று புதுக் கணக்குத் திறந்துவிட்டு மறந்துபோகாதீர்கள்.

இனி அந்த 1400 ஸ்கிரீன்ஷொட். எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்று இருந்தால் ஆய்வு முடிந்துவிடும், இது முடியாது. முதலில் கேபிள் போட்டு முழுவதையும் லப்டொப்பில் ஒரு ஃபோல்டருக்கு இறக்குங்கள், இன்றைக்கே. நான் 2017 இல் 900 படத்தோடு போனைத் தண்ணித் தொட்டிக்குள் விட்டவன். பிறகு உங்கள் ஆய்வு வரைவைத் திறந்து, எந்த எந்த எண்ணையும் கூற்றையும் உண்மையில் பாவித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். நாற்பது ஐம்பதுக்கு மேல் வராது. அந்த ஐம்பதுக்கு மட்டும் மூலத்தைத் திரும்பத் தேடுங்கள். ஸ்கிரீன்ஷொட்டில் உள்ள ஒரு முழு வசனத்தை லென்ஸால் எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடினால் அநேகமாக வந்துவிடும், கோப்பின் பெயரில் எடுத்த திகதி இருக்கும், அந்த நாளுக்குரிய பிரவுசர் வரலாற்றையும் பாருங்கள். வந்ததை ஸொட்டெரோவுக்குள் அழுத்துங்கள். தேடியும் வராத எண்ணை வரைவில் இருந்து எடுத்துவிடுங்கள், அது எவ்வளவு நல்ல எண்ணாக இருந்தாலும். மிச்சம் 1350 ஐத் தொடவேண்டாம், அப்படியே கிடக்கட்டும்.

ஸொட்டெரோவை இறக்குவதற்கு 100 எம்பிக்கு மேல் போகும், டேட்டா முடிந்திருந்தால் கடைக்கு வாருங்கள், வைஃபை இருக்கிறது. வரும்போது மேற்பார்வையாளர் கேட்ட அந்த எண் உள்ள ஸ்கிரீன்ஷொட்டையும் கொண்டுவாருங்கள், முதலில் அதைத் தேடிப் பிடிப்போம்.